மாற்றுச் சிறுநீரகத்தைச் சுற்றித் தண்ணீர் கட்டினால்: ஊசி குத்த விடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. தை மாதம் கண்டியில் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தவர் அவருடைய அக்கா, என் மச்சாள். வீட்டுக்கு வரும்போது இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.2. சலக்குழாய்க்கு உள்ளே வைத்திருந்த ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை ஆறாம் கிழமை எடுத்துவிட்டார்கள். போன கிழமை இரத்தம் சோதித்தால் 2.1. சலம் கொஞ்சம் குறைவு. வலது கால் வீங்கியிருக்கிறது. நோவு ஒன்றும் இல்லை. பிறசர் குளிசை ஒன்றாக இருந்தது மூன்றாகிவிட்டது. அக்கரைப்பற்றில் ஸ்கேன் பார்த்தபோது புதுச் சிறுநீரகத்தைச் சுற்றி 9க்கு 7க்கு 6 சென்ரிமீற்றரில் தண்ணீர் கட்டியிருக்கிறது, சிறுநீரகமும் உள்ளே விரிந்திருக்கிறது என்றார்கள். கண்டியில் உடனே வரச்சொல்கிறார்கள். தோலுக்குள்ளால் குழாய் போட்டுத் தண்ணீரை எடுப்பார்களாம், தேவைப்பட்டால் சிறுநீரகத்துக்குள்ளும் ஒரு குழாயாம். மாமியோ, நேர்த்தி இருக்கிறது, அம்மனுக்கு வைகாசிக் குளிர்த்தித் திருவிழா முடியட்டும் என்கிறார். உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தள்ளத் தொடங்கிவிட்டதா? மச்சாள் தந்த சிறுநீரகத்தில் ஊசி குத்த விடலாமா? மூன்று கிழமை பொறுக்கலாமா? - ஒரு சகோதரி, தம்பிலுவில்

பதில்:

தங்கச்சி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொறுக்க வேண்டாம். இந்தக் கிழமைக்குள்ளேயே கண்டிக்குப் போய்விடுங்கள். குளிர்த்திக்கு மாமி ஊரில் இருக்கிறார். மகனுடைய நேர்த்தியை அவர் செய்துவைத்தால் அம்மன் கோபிக்க மாட்டா. சலம் இறங்க வழியில்லாமல் இருக்கும் சிறுநீரகம் மூன்று கிழமைக்கு அப்படியே இருந்தால், பிறகு வழியைத் திறந்துவிட்டாலும் பழைய 1.2க்குத் திரும்பி வராமல் போகலாம். காய்ச்சல் வந்தாலோ, சலம் சட்டென்று நின்றாலோ, மூச்சு வாங்கினாலோ நாள் பார்க்காமல் அன்றைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கிருந்து அவர்கள் அனுப்பிவைப்பார்கள்.

அடுத்தது, உடம்பு தள்ளுகிறதா என்ற பயம். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களின் வீட்டில் கிரியாட்டினின் ஏறினாலே எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் ஏறுவதற்குக் காரணங்கள் பல. உடம்பு தள்ளாமல் இருக்க எடுக்கும் டக்ரோலிமஸ் மருந்து இரத்தத்தில் கூடினாலும் ஏறும். வயிற்றோட்டம் வந்து உடம்பில் நீர் வற்றினாலும் ஏறும். வயிற்றோட்டத்தின்போது டக்ரோலிமஸ் அளவும் சேர்ந்து கூடுவதால் அப்போது இரட்டைச் சேதம். வயலில் நாரி பிடித்தது என்று பார்மசியில் டைக்ளோபெனாக் என்ற நோவுக் குளிசை வாங்கிப் போட்டாலும் ஏறும். இவை எல்லாவற்றையும் விட, இரத்தம் வரும் குழாயிலோ சலம் போகும் குழாயிலோ தடை ஏற்பட்டால் ஏறும். உங்கள் கணவரின் ஸ்கேன் அறிக்கை இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் காட்டுகிறது. உடம்பு தள்ளுவதும் கூடவே நடக்கலாம். அது இல்லவே இல்லை என்று நான் எழுத முடியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அடைப்பை முதலில் நீக்கிவிட்டு மற்றதைத் தேடுவதுதான் முறை.

நடந்தது என்னவாக இருக்கும் என்று சொல்கிறேன். புதுச் சிறுநீரகத்தைப் பழையது இருக்கும் முதுகுப் பக்கத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், பெரும்பாலும் வலது பக்கத்தில், குடலை மூடியிருக்கும் சவ்வுக்கு வெளியே வைப்பார்கள். காலுக்குப் போகும் பெரிய நாடியிலும் நாளத்திலும் அதன் இரத்தக் குழாய்களை இணைப்பார்கள். சலக்குழாயைச் சலப்பையில் தைப்பார்கள். அந்தப் பெரிய இரத்தக் குழாய்களைச் சுற்றி நிணநீர் என்ற தெளிந்த உடல்நீர் ஓடும் மெல்லிய நரம்பு போன்ற குழாய்கள் நிறைய உண்டு. சத்திரசிகிச்சையில் அவற்றை வெட்டிக் கட்டித்தான் வழி எடுக்க வேண்டும். கட்டியதில் ஒன்றிரண்டு கசிந்தால் அந்த நிணநீர் சிறுநீரகத்தின் பக்கத்தில் தேங்கும். குடல் சவ்வுக்கு உள்ளே தேங்கினால் உடம்பே உறிஞ்சிவிடும். இது சவ்வுக்கு வெளியே இருப்பதால் போக இடமில்லாமல் ஒரு பையாகக் கட்டிக்கொள்கிறது. மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து சில கிழமைகளுக்கும் சில மாதங்களுக்கும் இடையில் இது தலைகாட்டுவது வழக்கம். சின்னதாக இருந்தால் யாரும் தொடவே தேவையில்லை, ஸ்கேனில் கண்காணித்தால் போதும். உங்கள் கணவருக்கு இருப்பது கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 200 மில்லிலீற்றர். அவ்வளவும் ஓர் ஒடுக்கமான இடத்தில் இருந்துகொண்டு சலக்குழாயை நெரித்தால் சிறுநீரகம் உள்ளே விரியும். கால் நாளத்தை நெரித்தால் அந்தப் பக்கத்துக் கால் வீங்கும். இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான் எனக்கு இந்தச் சந்தேகம் வலுக்கிறது.

ஆனால் கால் வீக்கத்தைத் தண்ணீரின் தலையிலேயே போட்டுவிட்டு இருக்க வேண்டாம். நாளத்துக்குள் இரத்தம் உறைந்தாலும் ஒற்றைக் கால் வீங்கும். காலுக்கும் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கேன் ஒன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதைப் பார்க்கும் முன் காலை அமுக்கிவிடுவது, எண்ணெய் போட்டு உருவிவிடுவது எதுவும் கூடாது.

நோவு இல்லை என்பதால் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் தைரியமாக இருக்கிறார்கள் போலத் தெரிகிறது. அந்தத் தைரியம் வேண்டாம். சொந்தச் சிறுநீரகத்தில் கல் அடைத்தால் மனிதர் உருண்டு புரளுவார். மாற்றுச் சிறுநீரகத்தை எடுக்கும்போது அதன் நரம்புத் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஆகவே சலம் தேங்கி விரிந்தாலும் அது நோகாது. கிரியாட்டினினும் சலத்தின் அளவும் ஸ்கேனும்தான் அதற்கு வாய்.

இனி ஊசி. என் தொழிலே ஸ்கேனைப் பார்த்துக்கொண்டு ஊசி குத்திக் குழாய் போடுவதுதான், அதனால் இந்த ஆள் குழாய்க்குச் சார்பாகத்தான் பேசுவார் என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள், பரவாயில்லை. ஆனால் முதல் குழாய் மச்சாள் தந்த சிறுநீரகத்தைத் தொடுவதே இல்லை. அது பக்கத்தில் கட்டியிருக்கும் தண்ணீருக்குள் மட்டும் போகிறது. புதுச் சிறுநீரகம் வயிற்றுத் தோலுக்குக் கீழே கிட்டத்தில் இருப்பதால் ஸ்கேனில் எல்லாம் தெளிவாகத் தெரியும்: எது சிறுநீரகம், எது தண்ணீர், எது குடல், எந்த இடத்தில் இரத்தக் குழாய் ஓடுகிறது. ஊசி நுனி போகும் வழியைத் திரையில் பார்த்துக்கொண்டே போகிறோம். பழைய காலத்தில் இதற்கெல்லாம் வயிற்றைத் திரும்பத் திறந்தார்கள். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுக்கும் ஒருவருக்குப் பெரிய வெட்டுக்காயம் ஆறுவது சிரமம், கிருமியும் எளிதில் பிடிக்கும். அதனால்தான் முதலில் ஊசித் துளை அளவிலான வழியைத் தேடுகிறோம்.

குழாய் போடுவதற்கு முன் இரத்தம் உறையும் தன்மை, பிளேட்லட், ஹீமோகுளோபின் எல்லாம் பார்ப்பார்கள். இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரினோ குளோபிடோகிரலோ எடுக்கிறார் என்றால் தொலைபேசியில் அழைத்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளோபிடோகிரலைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டி வரும். நீங்களாக நிறுத்த வேண்டாம். டக்ரோலிமஸ், பிரெட்னிசொலோன் போன்ற, உடம்பு தள்ளாமல் இருக்க எடுக்கும் மருந்துகளை வெறும் வயிறு என்று சொல்லித் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். ஒரு மிடறு தண்ணீரோடு எடுக்கலாமா என்று வாட்டில் கேட்டு எடுக்க வேண்டும். டக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் மட்டும் இரத்தம் எடுத்த பிறகுதான் காலைக் குளிசை.

அன்றைக்கு நடப்பது இவ்வளவுதான். அவர் மல்லாந்து படுத்திருப்பார், விழித்தே இருப்பார். அடிவயிற்றைக் கிருமிநாசினியால் துடைத்து, விறைப்பு ஊசி போடுவார்கள். அந்த ஊசிதான் கொஞ்சம் சுருக்கென்று எரியும். பிறகு ஸ்கேன் பார்த்து ஒரு மெல்லிய ஊசியைத் தண்ணீருக்குள் செலுத்துவார்கள். ஊசிக்குள்ளால் ஒரு வயரை விட்டு, ஊசியை எடுத்துவிட்டு, அந்த வயரின் மேலால் குழாயை நகர்த்துவார்கள். குழாய் மூன்று மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பு. உள்ளே போனதும் அதன் நுனி சுருண்டுகொள்ளும், அதனால் இலகுவில் வெளியே வழுகாது. வெளிப்பக்கம் ஒரு பை. குழாய் போகும்போது அமுக்குவது தெரியும், வெட்டுவது போன்ற நோவு இராது.

வந்த தண்ணீரை அப்படியே கொட்டிவிடக் கூடாது. அதில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனை எவ்வளவு பெறுமதி என்று பலருக்குத் தெரியாது. தண்ணீரின் கிரியாட்டினினும் இரத்தத்தின் கிரியாட்டினினும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் அது நிணநீர். தண்ணீரில் பல மடங்கு கூடுதலாக இருந்தால் அது சலம். சலக்குழாய் எங்கோ கசிகிறது, வைத்தியத்தின் போக்கே மாறும். சலக் கசிவு அதிகமும் முதல் சில கிழமைகளில் வருவது, உங்கள் கணவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். இருந்தாலும் பார்த்தே ஆக வேண்டும். கிருமி இருக்கிறதா என்றும் அதே தண்ணீரில் பார்ப்பார்கள்.

நிணநீர் என்றால், ஒரு தடவை ஊசியால் உறிஞ்சிவிட்டு அனுப்புவதை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. பல பேருக்குத் திரும்பக் கட்டிவிடுகிறது. குழாயைச் சில நாட்கள் விட்டு, நாளுக்கு 20, 30 மில்லிலீற்றருக்குக் கீழே இறங்கிய பிறகு எடுப்பது நல்லது. இறங்காமல் வந்துகொண்டே இருந்தால் அந்தப் பையின் உட்சுவர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்காக அல்ககோலோ போவிடோன் அயடினோ உள்ளே விட்டுச் சிறிது நேரத்தில் வெளியே எடுப்பார்கள். அதற்கு முன் எக்ஸ்ரே மையைச் செலுத்தி, சலக்குழாயோடு தொடர்பு இல்லை என்று உறுதிசெய்துகொள்வார்கள். அதற்கும் மசியாவிட்டால் லப்பரஸ்கோப்பி (சின்னத் துளை வழியாகக் கமரா விட்டுச் செய்யும் சத்திரசிகிச்சை) மூலம் அந்தப் பையில் இருந்து குடல் சவ்வுக்குள் ஒரு ஜன்னல் வெட்டிவிடுவார்கள். உடம்பு தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். அங்கே சத்திரசிகிச்சை நிபுணர்தான் ராஜா, நாங்கள் ஒதுங்கிவிடுவோம்.

தண்ணீரை எடுத்ததும் சலக்குழாய் நெரிபடுவது நின்று, சிறுநீரகத்தின் விரிவு குறைந்து, கிரியாட்டினினும் இறங்கத் தொடங்கினால் இரண்டாவது குழாய்க்கு வேலையே இல்லை. ஸ்கேனைத் திரும்பப் பார்க்கும்போது அவர் சலம் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும் என்பதை ஞாபகம் வைத்திருங்கள். சலப்பை நிறைந்திருந்தால் அடைப்பே இல்லாத மாற்றுச் சிறுநீரகமும் கொஞ்சம் விரிந்துதான் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து வந்தவர்கள் உண்டு.

விரிவு குறையவில்லை என்றால் சலக்குழாயே சுருங்கியிருக்கலாம். மாற்றுச் சலக்குழாய்க்கு இரத்தம் மேலே சிறுநீரகப் பக்கத்தில் இருந்து மட்டும்தான் வருகிறது. சலப்பையில் தைத்த கடைசி நுனிக்குப் போய்ச் சேரும்போது அது கொஞ்சமாகிவிடும். அதனால் சுருக்கம் அதிகம் விழுவது அந்த நுனியில்தான். ஸ்டென்ட் உள்ளே இருந்த வரைக்கும் அது வழியைத் திறந்து பிடித்திருக்கும். எடுத்த பிறகு குணம் காட்டும். பீகே வைரஸ் என்ற ஒரு கிருமியும் இப்படிச் சுருக்கும், அதற்கு இரத்தச் சோதனை இருக்கிறது.

அப்படி என்றால்தான் சிறுநீரகத்துக்குள் குழாய். ஆம், இதில் ஊசி சிறுநீரகத்தின் சதையைத் தாண்டித்தான் போகிறது. சலம் தேங்கி விரிந்த ஒரு மூலையைத் தெரிவு செய்து, பெரிய இரத்தக் குழாய்கள் இல்லாத பக்கத்தால் போவோம். ஒன்றிரண்டு நாட்களுக்குச் சலம் ரோஸ் நிறமாக வரும், அது எதிர்பார்த்ததே. கட்டி கட்டியாக இரத்தம் வந்தாலோ, பை சிவந்துகொண்டே போனாலோ சொல்ல வேண்டும். பெரிய இரத்தப்போக்கு அபூர்வம். வந்தாலும் இரத்தக் குழாய்க்குள்ளால் போய்க் கசியும் சின்னக் கிளையை மட்டும் அடைக்கலாம். கிருமி ஏறுவதைத் தடுக்க முன்பே அன்டிபயோட்டிக் கொடுப்பார்கள். குழாய் போட்டுச் சில மணி நேரத்தில் சலம் ஆறாகப் போகலாம். அப்போது எவ்வளவு போகிறது என்று தாதிமார் அளந்து எழுதி, அதற்கேற்பச் சேலைன் கொடுப்பார்கள். பையில் இருப்பதை அளக்காமல் வெளியே ஊற்றிவிடாதீர்கள், நல்ல மனதோடு உதவிசெய்யும் சொந்தக்காரர்கள் செய்யும் வேலை இது.

அந்தக் குழாய் உடனடி ஆபத்தைத் தீர்ப்பதோடு ஒரு கேள்விக்குப் பதிலும் தருகிறது. குழாய் போட்டுச் சில நாட்களில் கிரியாட்டினின் 1.2, 1.3 என்று இறங்கினால் குற்றவாளி அடைப்புத்தான். இறங்கவே இல்லை என்றால் பயொப்சி, அதாவது சிறுநீரகத்தில் சிறு துணுக்கு, எடுத்துப் பார்க்க வேண்டும். உடம்பு தள்ளுகிறதா என்ற உங்கள் முதல் கேள்வி அப்போதுதான் வாசலுக்கு வருகிறது. அப்படி வந்தாலும் அதற்கும் மருந்து இருக்கிறது, அதோடு கதை முடிவதில்லை. இறங்கியவர்களுக்கு, கிருமியும் அடங்கிய பிறகு, அதே துளை வழியாக மை விட்டு எக்ஸ்ரேயில் சுருக்கத்தைப் பார்ப்போம். வயரைச் சுருக்கத்தைத் தாண்டிச் சலப்பைக்குள் இறக்கி, ஒரு பலூனால் விரித்து, ஸ்டென்ட் ஒன்றை விட்டுவிடுவோம். சில கிழமைகளுக்குப் பிறகு சலவழியால் கமரா விட்டு அதை எடுத்துவிடலாம். மாற்றிச் சில மாதங்களுக்குள் வரும் கட்டையான சுருக்கம் இதற்கு நன்றாக இளகும். நீளமான, பழைய சுருக்கம் திரும்பத் திரும்ப மூடிக்கொள்ளும். அதற்குச் சலக்குழாயைத் திரும்பத் தைக்கும் சத்திரசிகிச்சைதான் நிரந்தரம். எத்தனை தடவை பலூன் போட்டுப் பார்ப்பது, எப்போது கத்திக்குப் போவது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிவில்லாமல் குழாயும் பையுமாக அலைவதை நான் ஆதரிக்கவில்லை.

பிறசர் குளிசை மூன்றானதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வரி எனக்குப் பிடிபட்டுவிட்டது. அடைப்பே பிறசரைக் கூட்டலாம், டக்ரோலிமஸும் கூட்டும். ஆனால் மாற்றி மூன்று மாதம் கழிந்த பிறகு பிறசர் கட்டுக்கடங்காமல் போனால் சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுவரும் நாடி இணைத்த இடத்தில் ஒடுங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். லொசார்ட்டன், எனலாப்பிரில் போன்ற பிறசர் குளிசை புதிதாகத் தொடங்கிய கையோடு கிரியாட்டினின் ஏறியதா? ஏறியது என்றால் டொக்டரிடம் அந்தத் திகதியைச் சொல்லுங்கள், அது ஒரு பெரிய துப்பு. இரத்தம் ஓடும் வேகத்தை டொப்ளர் ஸ்கேனில் அளந்தால் பெரும்பாலும் விளங்கிவிடும், மையும் வேண்டாம். ஒடுக்கம் உறுதியானால் தொடையிடுக்கு நாடி வழியாகவோ கை வழியாகவோ உள்ளே போய், பலூனால் விரித்து ஸ்டென்ட் வைக்கலாம். இதயத்துக்குச் செய்வார்களே, அந்த முறைதான். இதற்கு விடும் மை சிறுநீரகத்துக்குக் கெடுதி என்பதால் மிகக் கொஞ்சமாகவே பாவிப்பார்கள். சில இடங்களில் மைக்குப் பதிலாகக் காபனீரொட்சைட் வாயுவைச் செலுத்தியும் படம் எடுப்பார்கள்.

குழாயோடு ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால் சில காரியங்களைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். குழாய் வயிற்றில் இருந்து வெளியே வரும் இடத்தில் ஒரு பிளாஸ்டர், அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் குழாய் ஒரு வளையமாகத் தளர்ந்து கிடக்கட்டும். யாராவது கால் இடறிப் பையை இழுத்தாலும் வளையம்தான் இழுபடும். பை எப்போதும் வயிற்றை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். மகியங்கனைப் பாதையால் பஸ்ஸில் வருவதென்றால் அந்தப் பதினெட்டு வளைவிலும் பையை மேலே தட்டில் வைக்காமல் தொடையில் கட்டிக்கொள்ளட்டும். ஏறுமுன் காலியாக்கிக்கொள்ளுங்கள். கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றுவது, கடலிலோ ஆற்றிலோ இறங்குவது குழாய் இருக்கும் வரைக்கும் இல்லை, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். சிறுபோக வயலுக்குள் இறங்குவதும் இப்போதைக்கு இல்லை. குழாயைக் கழுவச் சொல்லியிருந்தால் மட்டும், காட்டித் தந்த முறைப்படி, கிருமி நீக்கிய சேலைனால் கழுவுங்கள். அடைத்தால் ஊசியால் பலங்கொண்டு தள்ளவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம்.

குழாய் கழன்று வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, கழன்ற குழாயையும் கையோடு எடுத்துக்கொண்டு அந்த மணித்தியாலமே வைத்தியசாலைக்குப் போங்கள். துளை சீக்கிரம் மூடிக்கொள்ளும், மூடினால் புதிதாகத்தான் குத்த வேண்டும். உடம்பு 38 பாகைக்கு மேல் சுட்டால் பனடோல் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவருக்குக் கிருமி ஓடும் வேகம் வேறு.

போகும்போது சத்திரசிகிச்சை அறிக்கை, ஸ்டென்ட் எடுத்த திகதி, இதுவரை எடுத்த கிரியாட்டினின், டக்ரோலிமஸ் அளவுகள் எல்லாம் ஒரே கொப்பியில் இருக்கட்டும். அக்கரைப்பற்று ஸ்கேனின் படங்களையும் கேட்டு வாங்குங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. இராப் பயணத்துக்கு ஒருவேளைக் குளிசை கைப்பையில் தனியாக இருக்க வேண்டும்.

மச்சாளிடம் மறைக்காதீர்கள். ஊசி குத்துகிறார்கள் என்று வேறு யாரோ சொல்லி அவர் கேள்விப்படுவதைவிட, தண்ணீர் கட்டியிருக்கிறது, அதை எடுக்கிறார்கள் என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்று: கொடுத்தவரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். அவர் இப்போது ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர். வருடத்துக்கு ஒரு தடவையாவது பிறசர், சலத்தில் புரதம், கிரியாட்டினின் மூன்றும் அவருக்கும் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தார் என்று இன்றைக்கே கேளுங்கள்.